பதினொரு குழி, ஒன்பது பூண்

லெஸ்டர் கேட்ச்போலுக்குக் கோபம் வந்தால் முதலில் இடது காது சிவக்கும். அது எச்சரிக்கை. வலது காதும் சிவந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர்கள் தேநீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவது லாக்ஸ்டன் ஊர் வழக்கம். முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அத்தனை வருடத்தில் இரண்டு காதும் ஒருசேரச் சிவந்தது இரண்டே தடவை என்று பழைய மாணவர்கள் சாட்சி சொல்வார்கள். ஓய்வு பெற்றார், மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கினார், மனசு அமைதியாக இருக்கட்டும் என்று வயல்வெளிக்குப் போக ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவர் காது வெளுத்து யாரும் பார்த்ததில்லை.

அமைதியைத் தேடிப் போனவருக்குக் கிடைத்தது தோட்டாப் பூண்.

இங்கிலாந்தின் சஃபோக் மண்ணில் நூற்றைம்பது வருடமாகப் புறாவையும் முயலையும் சுட்டுத் தள்ளியிருக்கிறார்கள். சுட்டவன் வெற்றுத் தோட்டாவை அங்கேயே உதறிவிட்டு நடையைக் கட்டுவான். காகித உறை இரண்டு மழைக்காலத்தில் மக்கிவிடும். அதன் அடியில், உலக்கைக்குப் போட்ட பூண் மாதிரி இருக்கும் பித்தளை மட்டும் மக்காது. கட்டைவிரல் அகலம்தான். ஆனால் டிடெக்டர் அதன் மேலே போனால், வெள்ளிக்காசைக் கண்ட மாதிரியே இனிமையாகக் கூவும். ஆள் பரபரப்பாக மண்டி போட்டு ஒரு சாண் தோண்டினால், பூண். வெள்ளி தேடுகிறவர்கள் அதை எடுத்து, அதன் பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி, விசிறி எறிந்துவிடுவார்கள்.

லெஸ்டருக்கு முதல் ஒன்பது மாதம் பூணைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை.

லாக்ஸ்டன் வட்டார உலோகத் தேடுவோர் சங்கம் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஊர் மண்டபத்தில் கூடும். அவரவர் கண்டெடுத்ததைப் பச்சைத் துணி விரித்த மேசையில் வைக்க வேண்டும். ஒருவர் எலிசபெத் காலத்து ஆறு பென்ஸ் வைப்பார், ஒருவர் ரோமானியக் கொக்கி வைப்பார். லெஸ்டர் இருபத்து மூன்று பூண்களை வைத்தார். சங்கத் தலைவர் டெஸ்மண்ட் பாலன்ட் மேசைமேல் குனிந்து பார்த்தார். அவர் வீட்டுத் தரகராக இருந்து ஓய்வு பெற்றவர். சுவரில் ஈரம் கசியும் வீட்டை ‘ஆற்றங்காற்று தவழும் இல்லம்’ என்று விற்றுத் தேர்ந்த நாக்கு.

“என்னப்பா லெஸ்டர், போர் முடிஞ்சு போச்சுன்னு உனக்கு யாரும் சொல்லலியா?”

மண்டபமே சிரித்தது. தேநீர்க் கொப்பரைகூடக் கொதித்துச் சிரித்ததாக லெஸ்டருக்குப் பட்டது.

கோபத்தில் சிலர் குடிப்பார்கள், சிலர் கதவை அறைந்து சாத்துவார்கள். லெஸ்டர் வீட்டுக்குப் போய்ப் பூண்களைத் தேய்த்தார். கைக்கு அகப்பட்டது மனைவி டோரீனின் பல்துலக்கும் பிரஷ். (அதுபற்றி அந்த வீட்டில் இன்றும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.) தேய்க்கத் தேய்க்கப் பச்சைக் களிம்பு போய் எழுத்து எழும்பி வந்தது. பெயர்கள். அரசர் பெயர் அல்ல, பிரபு பெயர் அல்ல, இரும்புக்கடைக்காரன் பெயர். ஆணியும் வாளியும் எலிப்பொறியும் விற்றவன், தோட்டாவும் விற்றான். தொழிற்சாலையில் சொல்லி, பூணைச் சுற்றித் தன் பெயரையும் ஊரையும் பொறித்து வாங்கினான். நாலு மைலுக்கு ஒரு கடை, கடைக்கு ஒரு முத்திரை.

“ராஜா தலை போட்ட காசு நாடு பூரா ஒண்ணுதான்” என்பார் லெஸ்டர். “இந்தப் பூண் அப்படி இல்ல. ஒரு ஆளு சனிக்கிழமை சந்தைக்குப் போனான், இந்தக் கடையில வாங்கினான், இந்த வேலியோரம் நின்னான், மேற்கே பாத்துச் சுட்டான். அநேகமா குறி தப்பியிருக்கும். எந்த ராஜாவைப் பத்தி உனக்கு இவ்வளவு தெரியும்?”

இப்படி ஆரம்பித்து, பன்னிரண்டு வருடத்தில் அறுநூற்று நாற்பது விதமான பூண் சேர்ந்துவிட்டது. பழைய கரண்டிப் பெட்டிகளில், ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு: எந்த வயல், நுழைவாயிலிலிருந்து எத்தனை அடி, எந்தத் தேதி. சங்கத்தில் ஒரு காலிப் பெயின்ட் டப்பாவில் ‘லெஸ்டரின் தங்கச் சுரங்கம்’ என்று எழுதி மேசைக் கோடியில் வைத்தார்கள். எறிய இருந்த பூண்களை அதில் போட்டு ‘ணங்’ என்ற சத்தத்துக்குச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று லெஸ்டர் மாதாமாதம் டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டிப் பார்ப்பார். அவமானத்தையும் வரிசைப்படுத்தி வைக்கத் தெரிந்த மனிதர்.

அவருக்குப் பிடித்த இடம் கெரிட்ஜ் பண்ணை. அதிலும் நரிமுடுக்கு என்ற மேய்ச்சல் வயல். பண்ணைக்காரர் ரோலண்ட் கெரிட்ஜ், நாற்பத்தெட்டு வயது. பதினொன்று முதல் பதினாறு வரை லெஸ்டரின் பேருந்தில் பின்சீட்டில் போய்வந்தவர். அந்த உரிமையில் அனுமதி கொடுத்திருந்தார். இந்தப் பொழுதுபோக்கில் அனுமதிதான் எல்லாம். கையில் அது இருந்தால் நீங்கள் ஆராய்ச்சியாளர், இல்லாவிட்டால் திருடன். நடுவில் வேறு பதவி கிடையாது. கெரிட்ஜ் பண்ணையில் பன்னிரண்டு வருடமாக அனுமதி இருந்த ஒரே ஆள் லெஸ்டர்.

அங்கே ஒரு விசேஷம் உண்டு. நரிமுடுக்கில் எடுத்த பூண்கள் பலவற்றின் விளிம்பில் அரத்தால் ராவிய இரண்டு சின்ன வெட்டு. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலுக்குத் தெரியும். லெஸ்டர் கேட்டபோது ரோலண்ட் சிரித்துவிட்டார்.

“அது எங்க சின்னத் தாத்தா ஒபடையா வேலை. அவரும் எங்க தாத்தாவும் ஒரே வீடு, ஒரே கடைத் தோட்டா. தாத்தா இவர் பெட்டியிலேருந்து அப்பப்போ கிள்ளிக்குவாராம். அதான் இவர் ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணுலயும் ரெண்டு வெட்டு போட்டு வச்சார். பத்தொம்பது வருஷம் ரெண்டு பேரும் பேசிக்கல. ஒரே மேசையில சாப்பாடு. உப்பு வேணும்னாகூட நாய்கிட்டதான் சொல்லுவாங்க.”

ஒபடையா அந்தப் பண்ணையை விட்டு எங்கும் போனவரில்லை. ஆகவே இரட்டை வெட்டுப் பூண் உலகத்தில் அந்த ஒரு பண்ணையில் மட்டும்தான் உண்டு. லெஸ்டரிடம் ஐம்பத்தெட்டு இருந்தது.

இந்த விவரம் முழுவதையும் போன குளிர்காலத்தில் சங்கத்தில் ஓர் உரையாகவே நிகழ்த்தினார். நாற்பது நிமிடம், படங்களுடன். வந்தவர்கள் ஒன்பது பேர், விழித்திருந்தவர்கள் இரண்டு. அதில் ஒருவர் புரொஜெக்டரைப் பிடித்திருந்தவர். முதல் வரிசையில் டெஸ்மண்ட், மோவாய் நெஞ்சில் படத் தூங்கினார். நாற்பது நிமிடத்தில் அவர் கண் திறந்தது ஒரே ஒரு தடவை. “பூணுக்கு நடுவுல மூணு வெள்ளிப் பென்னியும் கிடைச்சுது, இந்த நரிமுடுக்குல” என்று லெஸ்டர் போகிற போக்கில் சொன்னபோது. உடனே மறுபடி மூடிக்கொண்டது. லெஸ்டர் இதைக் கவனித்தார். இடது காது சிவந்தது. அதோடு விட்டுவிட்டார். விட்டிருக்கக் கூடாது.

ஜூன் மாதம் மாவட்ட விவசாயக் கண்காட்சி. அன்றைக்குப் பண்ணைக்காரர்கள் ஒருவரும் வீட்டில் இருக்க மாட்டார்கள் என்பது வேலியில் மேயும் ஆட்டுக்கும் தெரியும். மறுநாள் காலை லெஸ்டர் முட்டையை உடைக்கும்போது தொலைபேசி அடித்தது.

“மிஸ்டர் கேட்ச்போல்?”

ரோலண்டின் குரல்தான். லெஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். இந்த ஊரில் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினால் அடுத்த வாரம் மறந்துவிடலாம். பன்னிரண்டு வருடம் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் திடீரென்று மிஸ்டர் போட்டால், அது கன்னத்தில் விழுந்த அறை.

“நரிமுடுக்குல பதினொரு குழி. ஒண்ணைக்கூட மூடல. சினைக் கிடாரி ஒண்ணு காலை விட்டு நொண்டுது. வந்து பாருங்க. உங்க கைவேலையை நீங்களே பாருங்க.”

“ரோலண்ட், நான் நேத்து...”

வைத்துவிட்டார்.

லெஸ்டர் போய்ச் சேர்ந்தபோது ரோலண்ட் தொழுவத்தில் மாட்டு வைத்தியரோடு இருந்தார். வயலில் யாரும் இல்லை. பதினொரு குழி, பச்சைப் புல்லில் அம்மைத் தழும்பு மாதிரி. எல்லாம் வட்டக் குழிகள், மண்வெட்டியைக் குத்திச் சுற்றித் திருகி எடுத்தவை. லெஸ்டரின் வேலை அப்படி இருக்காது. அவர் புல்லை மூன்று பக்கம் கீறி, கடித உறையின் வாய் மாதிரி ஒரு பக்கம் மடக்கித் திறந்து, எடுத்தபின் மூடி மிதித்துவிடுவார். மூன்றாம் நாள் அவரே தேடினாலும் இடம் தெரியாது. இந்தக் குழிகளோ, பக்கத்தில் மண்கட்டி ஒருபுறம், புல்கட்டி ஒருபுறம், மழிக்காத முகம் மாதிரி கிடந்தன.

குழிக்குப் பக்கத்தில் இன்னொன்றும் கிடந்தது. எடுத்து, பார்த்து, வேண்டாம் என்று வீசிய பூண்.

லெஸ்டருக்கு இரண்டு காதும் சிவந்தது. “பாவி! குப்பை மாதிரி விட்டெறிஞ்சிருக்கான் பாரு” என்று குனிந்து எடுத்தார், கட்டைவிரலால் துடைத்தார், பைக்குள் போட்டார். அடுத்த குழியிலும் ஒன்று. எடுத்தார், துடைத்தார், போட்டார். அதோடு நின்றாரா? திறந்த குழியைக் கண்டால் மூடாமல் தாண்டிப் போக இந்த இனத்து மனிதனால் முடியாது. முதல் நாள் பாடமே அதுதான். கொலை செய்தாலும் குழியை மூடிவிட்டு வா என்று சொல்லாத குறை. திட்டிக்கொண்டே மண்ணைத் தள்ளினார், திட்டிக்கொண்டே புல்கட்டியைப் பொருத்தினார், திட்டிக்கொண்டே மிதித்தார். கோபம் ஏற ஏற வேலை சுத்தமாக வந்தது. பதினோராவது குழியை அவர் பூட்ஸ் காலால் அழுத்திக்கொண்டிருந்தபோது பின்னால் ரோலண்ட் வந்து நின்றார்.

“ஓஹோ. இப்ப மூடுறீங்களா?”

லெஸ்டர் திரும்பினார். வயல் பளிங்கு மாதிரி இருந்தது. தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“நான் தோண்டல ரோலண்ட். அது வட்டக் குழி. என் குழி அப்படி இருக்காதுன்னு உனக்கே தெரியும்.”

“எங்கே வட்டம்? காட்டுங்க பாப்போம்.”

காட்ட ஒன்றும் இல்லை. மூடியவர் அவ்வளவு தேர்ந்த கைக்காரர்.

“பையில என்ன?”

லெஸ்டர் பையை வெளியே இழுத்தார். ஒன்பது பூண், ஈர மண்ணோடு.

“இந்தக் கர்மத்தைத் தோண்டி எடுக்குற ஆளு இந்த மாவட்டத்துல வேற யாரு இருக்கா, மிஸ்டர் கேட்ச்போல்?”

“அட, யோசிச்சுப் பாரு! நான் தோண்டியிருந்தா இது புல்லு மேல கிடந்திருக்குமா? நான் விட்டுட்டுப் போவனா?”

“கிடக்கலையே. உங்க பையிலதானே இருக்கு.”

வக்கீல் வைத்து வாதாடினாலும் இதற்கு மேல் ஒரு கேள்வி கிடையாது. தனக்கு எதிராகத் தானே இவ்வளவு நேர்த்தியாக ஒரு வழக்கை ஜோடித்துக் கொடுத்த மனிதர் அந்த மாவட்டத்தில் அதற்கு முன் இருந்ததில்லை.

“உன்னை அஞ்சு வருஷம் பஸ்ஸுல ஏத்திட்டுப் போனேன்டா” என்றார் கடைசியில். “பின்சீட்டுல நீ பண்ணின அட்டகாசத்துக்கு ஒருநாள்கூட நடுவழியில இறக்கிவிட்டதில்ல. இறக்கி விட்டிருக்கணும்.”

“கேட்டைச் சாத்திட்டுப் போங்க” என்றார் ரோலண்ட். “இனிமே திறக்க வேண்டாம்.”

சேதி பரவ இரண்டு நாள் ஆகவில்லை. அவருக்கு அனுமதி கொடுத்திருந்த மற்ற மூன்று பண்ணைக்காரர்களில் இருவர் மரியாதையாகக் கூப்பிட்டு, “இந்த வருஷம் வேண்டாமே” என்றார்கள். ஒருவர் கூப்பிடவே இல்லை, கேட்டில் புதுப் பூட்டுத் தொங்கவிட்டார். டெஸ்மண்ட் கடிதம் போட்டார், சங்கத்தின் தலைப்புத் தாளில்: அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் உறுப்பினர் கேட்ச்போலின் நடத்தை விசாரிக்கப்படும், பாதிக்கப்பட்ட பண்ணையாளரும் அழைக்கப்பட்டிருக்கிறார், அதுவரை அன்னார் மண்ணில் டிடெக்டர் வைக்கலாகாது.

டோரீன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எனக்கு ஒண்ணுதான் புரியல. குழியை எதுக்கு நீ மூடினே?”

“திறந்து கிடந்துச்சு டோரீன்.”

“பக்கத்து வீட்டுக்காரன் வாயும்தான் எப்பவும் திறந்து கிடக்கு. அதைப் போய் மூடேன்!”

“மாடு காலை விட்டிருக்கும்.”

“சரி, மூடினே. அந்தப் பித்தளையை எதுக்கு எடுத்தே? அதை மாடு என்ன பண்ணும்? தின்னுடுமா?”

லெஸ்டருக்கு எழுபத்தோரு வயதில் திருடன் என்று பெயர் வாங்கியாகிவிட்டது. டிடெக்டர் போனால் போகட்டும், சம்மணம் போட்டு உட்கார்ந்து பூணையே பார்த்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம். ஆனால் கடைக்குப் போனால், லெஸ்டரின் பேருந்தில் போய்ப் படித்து ஆளானவர்கள் கண்ணைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஒன்பது பூண்களையும் தேய்த்தார். (தன்னுடைய பிரஷ்தான். பாடம் கற்றிருந்தார்.) ஐந்து லாக்ஸ்டன் இரும்புக்கடை, இரண்டு பக்கத்து ஊர், இரண்டு ஒபடையாவின் இரட்டை வெட்டு. சீட்டு எழுத உட்கார்ந்தபோது பேனா நின்றது. பதினொரு குழி, ஒன்பது பூண். அப்படியானால் இரண்டு குழியிலிருந்து வந்ததை அந்த ஆள் கீழே போடவில்லை. ஏதோ ஒன்று அவன் பைக்குள் போயிருக்கிறது. எதையோ எடுத்திருக்கிறான். எடுத்ததைக் காட்டாமல் எவனாலும் இருக்க முடியாது. கண்டெடுத்ததை ஒளித்து வைக்கிற அளவுக்குத் தன்னடக்கம் உள்ளவன் இந்தப் பொழுதுபோக்குக்கே வரமாட்டான்.

செவ்வாய்க்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. லெஸ்டர் உரையாற்றியபோது வந்த ஒன்பது பேர் எங்கே, ஒருவரைத் தூக்கிலிடுகிறார்கள் என்றதும் வந்த ஐம்பது பேர் எங்கே! ரோலண்ட் மூலையில், தொப்பியை மடியில் வைத்து, ஒருவரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். டோரீன் துணைக்கு வந்து முதல் வரிசையில் ஒரு முழங்கையால் ஒருவரை நகர்த்தி இடம் பிடித்தார்.

டெஸ்மண்டுக்கு விசாரணையைவிட முக்கியமான வேலை ஒன்று இருந்தது. பச்சைத் துணிமேல் தன் தோல்பையைக் கவிழ்த்தார். உருண்டு வந்தது, அரக்கில் பதிக்கிற ஒரு வெள்ளி முத்திரை. ஐந்நூறு அறுநூறு வருடத்துக்கு முந்தியது. கழுத்து நீட்டிய ஒரு நாரை, சுற்றிலும் எழுத்து. மண்டபம் மூச்சை இழுத்தது.

“மச்சான் பண்ணை, இங்கேருந்து பதினெட்டு மைல்” என்றார் டெஸ்மண்ட். “பார்லி வயல். மேலோட்டமா நாலு அங்குலம்கூட இல்ல. முறைப்படி தொல்பொருள் அதிகாரிகிட்ட ஒப்படைக்கப் போறேன். ஒழுங்கா செய்யுறவங்களும் இந்தச் சங்கத்துல இருக்கோம்னு நாலு பேருக்குத் தெரியணும்ல.”

பையிலிருந்து முத்திரையோடு ஆணி, வளையம், ஒரு பூண் எல்லாம் விழுந்திருந்தன. டெஸ்மண்ட் பூணை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கினார். எதிரே லெஸ்டர். விட மனசு வருமா?

“இந்தா லெஸ்டர், உனக்கு. சங்கத்தை விட்டு நீக்கினாலும் பசிக்கும்ல.”

டப்பாவில் போட்டார். ணங். ஐம்பது பேரும் சிரித்தார்கள்.

லெஸ்டரின் கை தானாகவே டப்பாவுக்குள் போனது. பழக்கம். அடக்க முடிந்திருந்தால் அன்றைக்கு வயலிலேயே அடக்கியிருப்பாரே. எடுத்தார், கட்டைவிரலால் விளிம்பைத் துடைத்தார். விரல் நின்றது. திரும்பவும் ஒரு சுற்று தடவினார்.

அங்கே இருந்தவர்கள் பிறகு சொன்னது: அந்த நிமிடம் லெஸ்டரின் இரண்டு காதும் வெளுத்துப்போனதாம். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் பயந்தார்களாம்.

“டெஸ்மண்ட்” என்றார் மெதுவாக. “இது எங்கே கிடைச்சுது?”

“ஏன், சீட்டு எழுதணுமா?” மறுபடி சிரிப்பு. “அந்த முத்திரை கிடைச்ச அதே குழி. முத்திரைக்கு ரெண்டு அங்குலம் மேல. மண்கட்டியோட ஒட்டிக்கிட்டு வந்துச்சு.”

“அதே பார்லி வயல்?”

“அதே பார்லி வயல்தான்யா.”

“சங்கப் பதிவேட்டுல எழுதிடு. நீதான் சொல்லுவே, எதையும் முறைப்படி செய்யணும்னு. முத்திரை, பூண், ரெண்டும் ஒரே குழின்னு எழுது.”

தவளை தன் வாயால் கெடும். இந்தத் தவளை கையெழுத்தும் போட்டது, கீழே தேதியும் எழுதியது. லெஸ்டர் மை உலரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மண்டபத்தின் குறுக்கே நடந்துபோய் ரோலண்டின் உள்ளங்கையில் பூணை வைத்தார்.

“விளிம்பைத் தடவிப் பாரு.”

ரோலண்ட் தடவினார். முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எழுந்து நின்றார். தொப்பி கீழே விழுந்தது.

“எங்க சின்னத் தாத்தா லாக்ஸ்டன் சர்ச்சுக்கே போனதில்ல, தூரம்னு” என்றார் மேசையைப் பார்த்து. “பதினெட்டு மைல் தாண்டி வந்தா உங்க மச்சான் வயல்ல புறா சுட்டார், மிஸ்டர் பாலன்ட்?”

மிஸ்டர் என்ற சொல் வீடு மாறிவிட்டதை மண்டபம் கவனித்தது.

“என்ன உளறல்?” என்றார் டெஸ்மண்ட். “பூண்னா பூண்தான். எல்லாம் ஒண்ணுதான். நாடு பூரா கோடிக்கணக்குல கிடக்கு.”

அப்போதுதான் லெஸ்டருக்குக் காது சிவந்தது. இரண்டும். கழுத்துவரை.

“ஒண்ணு இல்ல! ஒண்ணு இல்லன்னுதானே நாப்பது நிமிஷம் இந்த மண்டபத்துல நின்னு கத்தினேன்! இந்த ரெண்டு வெட்டைச் சுவர்ல இவ்வளவு பெரிசாப் போட்டுக் காட்டினேன். இந்த நாற்காலியில உக்காந்து குறட்டை விட்டே. வெள்ளின்னு சொன்னப்போ மட்டும் முழிச்சே. நீ திருடினதுகூடப் போகட்டும்யா. ஒரு ஆள் பேசுறப்போ காது கொடுத்துக் கேட்டிருந்தா, இன்னைக்குத் தப்பிச்சிருப்பே!”

டெஸ்மண்ட் ஆட்களைப் பார்த்தார். ஆட்கள் தேநீர்க் கோப்பையோடு வேறு மேசைக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். பதிவேட்டை மெல்லத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார். அதன்மேல் டோரீன் தன் கைப்பையை வைத்து அதன்மேல் முழங்கையை ஊன்றியிருந்தார்.

“கிடாரிக்கு இன்னும் கால் ஊன்ற முடியல” என்றார் ரோலண்ட். முத்திரையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். “இதை அதிகாரிகிட்ட நானே கொண்டுபோறேன்.”

வாசலில் அவர் லெஸ்டருக்காகக் காத்து நின்றார். இந்தப் பக்கத்து ஆண்கள் மன்னிப்புக் கேட்பது வெள்ளைக்காக்கை பறக்கிற மாதிரி. தொப்பியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

“ஞாயித்துக்கிழமை மழை இல்லைங்கிறாங்க. கேட்டைத் திறந்து வைக்கட்டுமா?”

“கேட்டை நானே திறந்துக்குவேன். பன்னெண்டு வருஷமா திறந்துதான் வந்தேன்” என்றார் லெஸ்டர். “முதல்ல என் பேரைச் சொல்லு.”

“...லெஸ்டர்.”

“சத்தமா. அவங்க காதுல விழட்டும்.”

“லெஸ்டர்!” என்று கத்தினார் ரோலண்ட். உள்ளே ஐம்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரோலண்டும் நரிமுடுக்குக்கு வந்தார், கையில் ஒரு தேநீர் பிளாஸ்க்கோடு, சமாதானக் கொடி மாதிரி. லெஸ்டர் தூக்கி வைத்த முகத்தை இன்னும் இறக்கவில்லை. ஒன்பது பூண், டெஸ்மண்ட் டப்பாவில் போட்டது ஒன்று, ஆகப் பத்து. குழி பதினொன்று. கேட்டிலிருந்து அடி எண்ணிக்கொண்டு போய், அன்றைக்குப் பக்கத்தில் பூண் கிடக்காத கடைசிக் குழியைக் கண்டுபிடித்தார். டிடெக்டர் இனிமையாகக் கூவியது. டெஸ்மண்ட் அவசரத்தில் இதை எடுக்காமலே ஓடியிருக்கிறான். இவரும் குழிக்குள் எட்டிப் பார்க்காமல் மண்ணைத் தள்ளி மிதித்து வைத்திருக்கிறார்.

“என் காலாலேயே புதைச்சிருக்கேன் பாரு, மடையன்” என்று தன்னையே வைதுகொண்டு, மூன்று பக்கம் கீறி, புல்லை மடக்கித் திறந்தார். பூண். துடைத்தார். லாக்ஸ்டன் இரும்புக்கடை, சாதாரணம், அவரிடம் இருநூறு இருக்கிறது. விளிம்பைத் தடவினார். வழவழவென்று இருந்தது. வெட்டு இல்லை.

ரோலண்ட் ஆவலாகக் கை நீட்டினார். “சின்னத் தாத்தாவோடதா?”

“இல்ல” என்றார் லெஸ்டர். அந்த வாரம் முழுவதிலும் அவர் முகத்தில் முதல்முறையாக ஏதோ ஓர் இன்பம் எட்டிப் பார்த்தது. பூணை ரோலண்டின் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினார். “வெட்டு இல்ல. உங்க தாத்தாவோடது. நீயே வச்சுக்கோ. வெட்டு விழுறதுக்கு முன்னாடியே கிள்ளினதோ என்னவோ.”

பிறகு மண்டியிட்டு, புல்லை மூடி, பதினோராவது குழியை இரண்டாவது தடவையாக மிதித்தார். தேவைக்கு மேலேயே இரண்டு மிதி கூட.